ஸ்டாண்டு போடாதீங்க

பெரம்பூர் பாரக்ஸ் ரோட்டில் காலை ஐந்தரை.
குட்டி யானையை ரிவர்ஸில் கொண்டுவந்து
பின்சக்கரங்களைச் சாக்கடையோரப் பள்ளத்தில்
இறக்கி நிறுத்தினார் தமீம் அண்ணன்.
"வண்டி ஒரு சாண் குனிஞ்சா
நம்ம முதுகு ஒரு முழம் பொழைக்கும்."

சென்ட்ரிங் பலகை, சிமெண்டுச் சொரி பிடித்தது.
நடுவில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தது.
ஊன்றுகோலால் காட்டினேன்.
சுத்தியலைத் தேடிக் கிடைக்காமல்
ஜாக்கி ராடால் அடித்து மடக்கினான் எஸ்ரா.

என்னால் ஆனது அவ்வளவுதான்,
காட்டுவதும் கத்துவதும்.
இடதுகாலில் ஒரு தகடு, ஆறு திருகு.
கியர் போடுகிற கால்.

"ஸ்டார்ட் பண்ணி ஏத்திடலாமாக்கா?
ஒரே முறுக்கு, மேல போயிடும்."
போய்விடும்தான், மேலே.
வியாசர்பாடியில் அப்படி முறுக்கிய ஒருத்தன்
வண்டியோடு கேபின் கண்ணாடிக்குள் வந்த கதையை
தமீம் அண்ணன் சிரித்துக்கொண்டே தொடங்கி
பாதியில் சிரிப்பை நிறுத்தினார்.
"தள்ளுங்கடா. பக்கத்துக்கு ஒருத்தன்.
பின்னாடி எவனும் நிக்காத."

எஸ்ரா ஒரு பக்கம். மறுபக்கம்,
பால் பாக்கெட் போட வந்த வேம்புலி.
நூற்றுத் தொண்ணூறு கிலோ
பலகையின் நடுவில் ஒரு விநாடி யோசித்தது.
முன்பிரேக்கில் எஸ்ராவின் இரண்டு விரல்கள்.
பிறகு ஏறியது,
ஏற நினைத்திருந்ததைப்போலவே.

ஏறியதும் பழக்கத்தில்
ஸ்டாண்டைத் தட்டினான்.
"போடாதீங்க!"
தெருநாய் எழுந்து என்னைப் பார்த்தது.

போன தடவை, அம்பத்தூரிலிருந்து வரும்போது
ஸ்டாண்டில் சாய்த்துத்தான் கயிறு இறுக்கினார்கள்.
வில்லிவாக்கம் தாண்டவில்லை,
தகரத்தைத் துளைத்துக்கொண்டு ஸ்டாண்டு இறங்க
வண்டி படுத்துவிட்டது.
டேங்கில் இருக்கிறது இன்னும்,
குழம்புக் கரண்டி அளவுக் குழி.

ஆக, நிமிர்ந்தே நிற்கட்டும்.
முன்சக்கரம் கேபின் சுவரை முட்ட, இடையில் பழைய டயர்.
ஹேண்டிலுக்குக் கீழே துண்டு சுற்றி
இரண்டு பக்கமும் பட்டை.
கிர்ரக். கிர்ரக்.
முன் ஃபோர்க் அமுங்கத் தொடங்கியது.
பாதியில், "போதும்" என்றேன்.
"இன்னும் ரெண்டு பல்லு இறுக்கலாமே?"
"ஆயில் சீல் நீங்க வாங்கித் தருவீங்களா?"
பின்னால் இரண்டு பட்டை. முதல் கியர். பெட்ரோல் டேப்பை மூடியாயிற்று.
காற்றில் அடித்துப் பெயின்டை உரிக்காமல் இருக்க
பட்டையின் வாலையும் முடிந்துவைத்தான் வேம்புலி,
யாரும் சொல்லாமலே. பாலுக்கு நேரமாகிவிட்டது அவனுக்கு.

ஓட்டேரி நல்லா பாலத்தில் நிறுத்தச் சொன்னேன்.
"இப்பத்தானம்மா கெளம்புனோம்."
முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்.
இடதுபட்டையில் ஒரு விரல் நுழைந்தது.
பேசாமல் இறுக்கிவிட்டு வந்தார்.
அப்புறம் எழும்பூரில் அவராகவே நிறுத்தினார்.
நந்தனத்தில் மறுபடி.
சைதாப்பேட்டையில் டீ குடிக்க என்று இறங்கி
டீயே குடிக்காமல் திரும்பினார்.

கேபினின் பின் கண்ணாடியில்
என் பிடரிக்கு ஒரு முழம் தள்ளி ஹெட்லைட்.
ஒன்பது வருஷம் அதன் முதுகில் இருந்திருக்கிறேன்.
முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.
மெட்ரோ பள்ளம் ஒவ்வொன்றிலும்
ஒருமுறை தலையாட்டிற்று.
வித்துடு என்று நான்கு பேர் சொன்னது
அதற்கும் கேட்டிருக்கும்.

சோழிங்கநல்லூர். படியில்லாத வீடு.
எதிர்க் காலிமனையில் ஒரு மண்மேடு.
பின்பக்கத்தை அதோடு ஒட்டி நிறுத்தியதில்
பலகைக்கே வேலை இல்லை.
"முன்பட்டை கடைசில" என்று
எஸ்ராவுக்கு நான் சொல்வதற்குள்
தமீம் அண்ணன் சொல்லிவிட்டார்.
கொக்கி கழன்றதும்
ஃபோர்க் மெல்ல எழும்பி நின்றது.

மண்ணில் உருட்டி, வாசலுக்குக் கொண்டுவந்து
ஸ்டாண்டில் கால் வைத்த எஸ்ரா
அப்படியே நின்று
என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இப்ப போடலாம்" என்றேன்.